தக்காளிப் பாத்தியில் ஒரு நீல வில்லை

1

ஆரணியில் இருக்கும் என் தம்பி போன வாரம் போன் செய்தான். புது வீட்டின் பின்பக்கம் நாலு பாத்தி போட்டிருக்கிறானாம். கத்தரிப் பிஞ்சையெல்லாம் எலி கடித்துப் போட்டுவிட்டுப் போகிறதாம். "நீதான் இத்தனை வருஷமா தோட்டம் போடறியே, என்ன மருந்து வெச்சா சாவும், சொல்லு" என்றான். சாதாரணக் கேள்விதான். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. அவனுக்கும், ஊரிலிருந்து அதே கேள்வியைக் கேட்கக்கூடிய மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பெங்களூரைப் போய் அயலூர் வாழ்க்கை என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ஓசூரைத் தாண்டி, அத்திப்பள்ளியைத் தாண்டினால் எங்கள் சந்தாபுரா. காய்கறிக் கடைக்காரர் தமிழ், தையல்காரர் தமிழ், பூ விற்கிற அம்மா தமிழ். நானும் இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் செக்கிங் வேலை. சட்டைத் தையலில் ஓர் இடம் விட்டிருந்தால் என் கண்ணுக்குத் தப்பாது. வீட்டுக்காரர் சேகர் பக்கத்து இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஃபிட்டர். வரும்போது இரண்டு வயதாக இருந்த மகள் தர்ஷினி இப்போது ஒன்பதாம் வகுப்பு. தமிழ் பேசுவாள். வாசிக்கத் தெரியாது. நான் எழுதுகிற இந்த வரிகளையும் அவளால் வாசிக்க முடியாது.

நன்றாகப் போகிற வரைக்கும் இது நம் ஊர்தான். ஒரு தப்பு நடக்கிற அன்றைக்குத்தான் எத்தனை தூரம் வந்திருக்கிறோம் என்று தெரிகிறது.

2

நாங்கள் இருப்பது கீழ்வீடு. மேலே மஞ்சுளாவும் அவள் கணவர் கிரீஷும். அவர்களுக்கு ஹாசன் பக்கம். கிரீஷ் ஏர்போர்ட்டுக்கு டாக்சி ஓட்டுகிறார். இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. பெயர் அன்விதா என்றாலும் எல்லோருக்கும் அவள் பாப்பு. வீட்டு ஓனர் வேறு ஏரியாவில் இருப்பதால் பக்கவாட்டில் எட்டடி அகலத்துக்கு விட்டிருந்த மண் தரையில் நாங்கள் தோட்டம் போட்டுக்கொண்டோம். தக்காளி, வெண்டை, நூல்கோல், முள்ளங்கி, இரண்டு வகைக் கீரை. ஒவ்வொரு சாயங்காலமும் பாப்பு படி இறங்கி வந்து பாத்திக்குப் பாத்தி உட்கார்ந்து எழுந்திருப்பாள். பழுத்த தக்காளி ஒன்றைப் பறித்து என்னிடம் காட்டிவிட்டு மேலே ஓடுவாள். மஞ்சுளா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருப்பாள். குழந்தை கீழே அக்காவிடம் இருக்கிறாள் என்ற தைரியம் அவளுக்கு.

இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அதற்கப்புறம் ஒரு முறை விதைத்த பட்டாணி முளைக்கவே இல்லை. கிளறிப் பார்த்தால் வெறும் தோல் கிடந்தது. கீரை நாற்றுகள் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் சாய்வாக அறுபட்டுக் கிடந்தன. தக்காளி செடியில் தொங்கியபடியே அடிப்பக்கம் குடையப்பட்டிருந்தது. சேகர் அணில் என்றார். அணில் வேலை பகலில் தெரிந்துவிடும், இது வேறு என்றேன் நான். ஒரு காலையில் காம்பவுண்டுச் சுவரின் அடியில் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்தும், அதன் வாயில் புது மண்ணும் கிடந்தன.

நாங்களும் செய்யாதது இல்லை. மிளகாய்த்தூள் தூவினோம், மழை கரைத்துவிட்டது. வேப்பம்புண்ணாக்கு போட்டோம், இரண்டு நாள் நின்று மூன்றாம் நாள் வந்தன. நாற்றுகளின் மேல் பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்தோம், அடியில் தோண்டிக்கொண்டு போயின. கூண்டுப்பொறியில் ஒரு நாள் வயல் எலி, அடுத்த நாள் மூஞ்சூறு. மூஞ்சூறு செடியைத் தொடாது, பூச்சிதான் தின்னும் என்று அதைத் திறந்துவிட்டார் சேகர். எலியை ஏரிக்கரை வரை தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவார். தர்ஷினிக்கு அதில் குறையில்லை. நான் ஒரு முறை பசை அட்டை வாங்கி வைத்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. காலையில் அதில் ஒரு சுண்டெலி நாலு காலும் ஒட்டிக்கொண்டு காது மட்டும் துடிக்கக் கிடந்தது. அவள் சமையல் எண்ணெயை ஊற்றி அரை மணி நேரம் உட்கார்ந்து அதைப் பிரித்து விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

3

பக்கத்தில் ஒரு காலி மனை. இங்கே அதை சைட் என்பார்கள். ஆள் உயரத்துக்குப் பார்த்தீனியம், யாரோ கொட்டிய கட்டட இடிபாடு, அதற்கடியில் என்னென்னவோ. எலியெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது என்று நான் முடிவு செய்துவிட்டேன். சைட்டைச் சுத்தம் செய்யச் சொல்லி ஓர் ஆபீசுக்கு மனு கொண்டு போனேன். துணைக்குத் தர்ஷினி.

ஃபேக்டரியில் பன்னிரண்டு வருடமாகக் கன்னடம் பேசுகிறேன் என்ற தைரியத்தில் நானே ஆரம்பித்தேன். பக்கத்து சைட்டில் எலி இருக்கிறது என்பதற்கு "எலி இதே" என்றேன். கன்னடத்தில் எலிக்கு இலி. எல்லி என்றால் எங்கே. இல்லி என்றால் இங்கே. அந்தக் குமாஸ்தா காதில், நான் எதையோ எங்கே இருக்கிறது என்று கேட்பதாக விழுந்திருக்கிறது. எது எங்கே என்று பொறுமையாகத் திருப்பிக் கேட்டார். தப்பைத் திருத்துவதாக நினைத்து "இல்லி, இல்லி" என்றேன். அவர் நாற்காலியை நகர்த்தி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். கேலியாக இல்லை, ஆனாலும் சிரித்தார்கள். தர்ஷினி முகம் சிவக்க முன்னால் வந்து நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அவள் கன்னடத்தில் தமிழ் வாடையே இல்லை.

அது தனியார் மனை, ஓனருக்குத்தான் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், சர்வே நம்பரோடு கன்னடத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள் என்றார்கள். சொன்னதில் தப்பில்லை. ஆனால் சர்வே நம்பருக்கு இன்னோர் இடம், ஓனர் விலாசத்துக்கு வேறோர் இடம். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் லீவு. மூன்று முறை போனேன். திரும்பி வரும்போதெல்லாம் தர்ஷினி எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

4

அந்த மழையில்தான் சேகருக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டார். இரண்டாம் நாள் கெண்டைக்காலைத் தொட்டாலே துடித்தார். மூன்றாம் நாள் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. டாக்டர் சேற்றில், தேங்கின தண்ணீரில் கால் வைக்கிற வேலையா என்று கேட்டார். வீட்டில் தோட்டம் இருக்கிறது, செருப்பில்லாமல் களை எடுப்பார் என்றேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் "இலி ஜ்வர" என்றார். இந்த முறை எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எலியின் மூத்திரம் கலந்த ஈர மண், காலில் ஒரு சின்னச் சிராய்ப்பு, அவ்வளவு போதுமாம்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார். சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. அவருக்குப் பயம் போய்விட்டது. ரப்பர் பூட்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு மறுபடியும் களை எடுக்கப் போய்விட்டார். எனக்குத்தான் போகவில்லை. கீரையை உப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசினேன். அப்படியும் மனசு கேட்காமல் ஒரு பாத்தி அரைக்கீரையை முழுக்கப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். கதவிடுக்கில் துணி அடைத்தேன். கை கழுவிக் கழுவித் தோல் உரிந்தது. ஃபேக்டரியில் தையல் விட்ட சட்டை ஒன்று என் கையைத் தாண்டிப் போய், சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

மருந்து வைத்துவிடலாம் என்று சேகரிடம் சொன்னேன். "பாப்பு ஓடியாடற எடம். வேணாம்" என்றார். சரி என்றேன். சரி என்று சொன்ன பத்து நாளில், வேலை முடிந்து வரும் வழியில் கடையில் நின்றேன்.

எலி பேஸ்ட் வேண்டாம் என்று மட்டும் கடைக்காரரிடம் சொன்னேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். அவர் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே சின்னச் சின்ன நீல வில்லைகள். பிஸ்கட் மாதிரி இருந்தன. இரண்டு முழ நீளத்தில் இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை எடுத்து, வில்லையைக் குச்சியால் நடுவில் தள்ளிவிட்டு, ஒன்றைச் சுவரோரமும் ஒன்றைத் தக்காளிப் பாத்தியின் பின்னாலும் வைத்தேன். குழந்தையின் கை நடுவரைக்கும் எட்டாது என்று என் கையை வைத்தே அளந்து பார்த்தேன். பெட்டியைப் பழைய பெயிண்ட் டப்பாவின் பின்னால் ஒளித்தேன். சேகரிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை. மேலே போய் மஞ்சுளாவிடம் சொல்ல வேண்டும் என்று முதல் நாள் நினைத்தேன். அப்படிச் சொன்னால் பாப்பு கீழே வராமல் போய்விடுவாளே என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதும்போது இது எனக்கே புரியவில்லை. அன்றைக்கு அது ஒரு காரணமாகத் தெரிந்தது.

ஒன்பது நாள். தினமும் காலையில் வில்லை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைப் பார்த்தேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது.

5

சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். நான் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தர்ஷினி வாசற்படியில் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள். பாப்பு வழக்கம்போல் தக்காளிப் பாத்தியின் பின்னால் குந்தியிருந்தாள். தலை மட்டும் தெரிந்தது.

"அம்மா, இவ வாயில என்ன?" என்று தர்ஷினி கேட்டாள்.

ஓடினேன். பாப்புவின் உள்ளங்கையில் பாதி வில்லை. உதட்டோரம் நீலப் பொடி. குழாய்க்குள் தள்ளி வைத்ததை எலி இழுத்துக்கொண்டு வந்து வெளியே போட்டிருக்கிறது. பொந்துக்குக் கொண்டு போகிற வழியில் விட்டுவிட்டுப் போயிருக்கும். எலி தன் தீனியை இடம் மாற்றும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முந்தானையால் அவள் வாயைத் துடைத்தேன். விரலை விட்டு நாக்கைத் துழாவினேன். நீலம் வந்தது. விழுங்கினாளா, துப்பினாளா, நக்க மட்டும் செய்தாளா, தெரியவில்லை. "அது என்னம்மா?" என்று தர்ஷினி மறுபடி கேட்டாள்.

"சாக்பீஸ்" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த சொல் அதுதான். வாயைக் கழுவிவிட்டு மேலே அனுப்பிவிடலாம், ஒன்றும் ஆகாது, யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் ஓடியது. தர்ஷினி அந்தப் பாதி வில்லையைப் பார்த்தாள், பாத்தியின் பின்னால் கிடந்த குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் என்னால் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி ஏறினேன்.

மஞ்சுளா மொட்டை மாடியில் இருந்தாள். என்ன ஆச்சு அக்கா என்றாள். "இல்லி பாஷாண" என்றேன். இலி என்று சொல்ல வேண்டும். பாஷாணம் நம் சொல்தான், அவர்களுக்கும் அதேதான். ஆனால் நான் சொன்னது இங்கே பாஷாணம் என்று ஆயிற்று. அவள் திகைத்துச் சுற்றுமுற்றும் பார்த்து "எல்லி?" என்றாள். எங்கே என்று கேட்கிறாள். எனக்கு அதற்கு மேல் எந்த மொழியும் வரவில்லை. பின்னாலேயே ஓடி வந்த தர்ஷினி, எலி மருந்து ஆன்ட்டி, பாப்பு வாயில் வைத்துவிட்டாள் என்று நேராக, தெளிவாகச் சொன்னாள்.

மஞ்சுளா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கினாள்.

6

ஆட்டோவில் ஏறும்போது தர்ஷினி திரும்பிக் கீழே ஓடினாள். பெயிண்ட் டப்பாவின் பின்னாலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அது அங்கே இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. என்ன மருந்து என்று கேட்பார்கள் அம்மா என்று மட்டும் சொன்னாள்.

ஓசூர் ரோட்டில் டிராஃபிக் நகரவில்லை. பாப்பு மடியில் உட்கார்ந்து ஆட்டோக்காரர் தொங்கவிட்டிருந்த குஞ்சலத்தை எட்டி எட்டிப் பிடித்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். மஞ்சுளா அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெருவில் கிடந்ததை எடுத்துவிட்டாள் என்று சொல்லலாமா என்ற நினைப்பு எனக்கு அந்த ஆட்டோவிலும் ஒரு தடவை வந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

டியூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். பெட்டியை வாங்கி, அதிலிருந்த பொடி எழுத்தை வாசித்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று, எவ்வளவு போயிருக்கும், யார் வைத்தது என்று கன்னடத்தில் வரிசையாகக் கேட்டார். மஞ்சுளா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தர்ஷினி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நானே இட்டித்து" என்றேன். நான்தான் வைத்தேன். அதில் தப்பு வரவில்லை.

இது ரத்தத்தை உறைய விடாமல் செய்கிற வகை, பெட்டி கொண்டு வந்தது நல்லது, எதைத் தேடுவது என்று தெரிந்துவிட்டது என்றார் டாக்டர். ஆனால் மெதுவாக வேலை செய்கிற மருந்து. இன்றைக்கு ஒரு டெஸ்ட், இரண்டு நாள் கழித்து இன்னொரு டெஸ்ட். ஈறில், மூக்கில் ரத்தம் வருகிறதா, உடம்பில் கன்றிப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது விளையாடுகிறாள் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

விஷம் என்பதால் போலீசுக்கும் எழுத வேண்டுமாம். ஒரு கான்ஸ்டபிள் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். பெயர், விலாசம், வேலை கேட்டார். பிறகு "ஸ்வந்த ஊரு?" என்றார். சந்தாபுரா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆதார் கார்டில் ஆரணி விலாசம்தான் இன்னும் இருந்தது. ஆரணி, தமிழ்நாடு என்று எழுதிக்கொண்டார். அவர் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை, படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் அவர் பேனா அந்த வரியில் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியூர்க்காரி ஒருத்தி உள்ளூர்க் குழந்தைக்கு விஷம் வைத்தாள் என்று அதை யாராவது படிக்கலாம் அல்லவா. மஞ்சுளா அந்த நேரத்தில் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், ஆள் கூடியிருக்கும்.

எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். முழுக்கக் கன்னடம். பஸ் போர்டு வாசிப்பேன், அதற்கு மேல் தெரியாது. தர்ஷினி வாங்கி, ஒவ்வொரு வரியாகக் கன்னடத்தில் வாசித்துத் தமிழில் சொன்னாள். "மேல்வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்லாமல், சிறு குழந்தை வந்து போகும் இடத்தில், எலி மருந்து வைத்தேன்." அந்த இடத்தில் அவள் குரல் சிறியதாகிவிட்டது. ஆனால் ஒரு சொல்லையும் அவள் விடவில்லை, பூசி மெழுகவும் இல்லை. நான் கேட்டேன், சரி என்றேன், தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

கிரீஷ் ஏர்போர்ட்டிலிருந்து வந்து சேர ஏழு மணி ஆயிற்று. கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் மேசையில் இருந்த பெட்டியை எடுத்துப் பார்த்தார், திரும்ப அதே இடத்தில் வைத்தார், குழந்தை இருந்த அறைக்குள் போய்விட்டார்.

7

பேஸ்ட் வேண்டாம் என்று கடையில் சொன்னதற்குக் காரணம் சொல்கிறேன் என்றேன். ஆரணியில் என் அப்பா ரைஸ்மில்லில் எடை போடுகிற வேலை பார்த்தார். மில்லை ஒட்டின லைன் வீட்டில் குடியிருந்தோம். நெல் இருக்கிற இடத்தில் எலிக்கா பஞ்சம். எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் சரவணன் என்று ஒரு பையன், ஆறு வயது. அவன் வீட்டில் எலிக்கு வைத்திருந்த பேஸ்ட்டை எடுத்துத் தின்றுவிட்டான். உடனே வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் நன்றாக இருந்தான், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவன் அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். மூன்றாம் நாள் காலையில் என்னோடு கோலி ஆடினான், ஜெயித்தான். அன்று சாயங்காலம் அவன் கண் மஞ்சளாக இருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் அவன் இல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்த மருந்து வேறு, இந்த மருந்து வேறு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாப்புவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது, அவள் சிரித்துக்கொண்டே படி ஏறியபோது, எனக்குக் கோலி ஆடினவன்தான் கண்ணுக்குள் நின்றான்.

அன்று முழுக்க நான் மேல்கூரையையே கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஹாலுக்கு நேர் மேலேதான் அவர்கள் ஹால். பாப்பு ஓடினால் தடதடவென்று கேட்கும். சத்தம் கேட்கிற வரைக்கும் மூச்சு விட்டேன். சத்தம் நின்றால் கையில் இருப்பதை வைத்துவிட்டு நின்றேன். தூங்குகிறாளா, மூக்கில் ரத்தமா, பார்த்தார்களா, பார்க்கவில்லையா. மேலே போய்க் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது. ராத்திரியே எல்லாவற்றையும் சொல்லியிருந்தும் சேகர் அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. கையுறை போட்டுக்கொண்டு இரண்டு குழாயையும் எடுத்து, மிச்சமிருந்த வில்லைகளைப் பொறுக்கி, பாத்தி பாத்தியாகக் குனிந்து பொடி கிடக்கிறதா என்று பார்த்தார். நூல்கோல் இலைக்கு அடியில் ஒரு வயல் எலி செத்துக் கிடந்தது. மூக்கோரம் ரத்தம் காய்ந்திருந்தது. அதைத் தர்ஷினி பார்ப்பதற்குள் புதைத்துவிடச் சொன்னேன். அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள்.

திங்கட்கிழமை இரண்டாவது டெஸ்ட். நானும் வருகிறேன் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி போய்விட்டது. லீவு போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். தர்ஷினியும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் யூனிஃபார்ம்கூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. வெகு நாள் கழித்து அப்படி உட்கார்ந்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் அவளுக்குத்தான் வந்தது, எனக்கில்லை. கேட்டுவிட்டு, "நார்மல்மா" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். நான் அழவில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. சில நாள் கழித்து இன்னொரு டெஸ்ட்டும் நார்மல் என்று வந்த பிறகுதான் சோறு இறங்கிற்று. நக்கியிருப்பாள், விழுங்கியிருக்க மாட்டாள் என்றார்களாம்.

8

பாப்பு அதற்கப்புறம் கீழே வரவில்லை. படியின் மேல் ஒரு மரத் தடுப்பு வைத்திருந்தார்கள். அதன் சட்டங்களுக்கு நடுவில் இருந்து தோட்டத்தைப் பார்ப்பாள். நான் நிமிர்ந்து பார்த்தால் கை ஆட்டுவாள். நான் பதிலுக்குக் கை ஆட்டலாமா என்று தெரியாமல் உள்ளே வந்துவிடுவேன்.

எலிகள் போய்விடவில்லை. ஒரு சாயங்காலம் பாத்திகளைச் சுற்றிலும் சுவரோரமும் கோலமாவை மெல்லிசாகத் தூவி வைத்தேன். காலையில் ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் சின்னச் சின்னக் கால் தடங்கள், நடுவில் வால் இழுத்த கோடு. அத்தனையும் சைட் பக்கத்திலிருந்து வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. எல்லாத் தடங்களும் எங்கள் வீட்டுப் பின்மூலைக்குப் போயின. அங்கே எரு ஆகட்டும் என்று நான் தினமும் காய்கறித் தோலும் மிச்சச் சோறும் கொட்டுகிற பழைய பிளாஸ்டிக் டிரம். அதைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் கடித்துச் செய்த ஓட்டை, அதன் கீழே பஞ்சும் துணிக் கிழிசலும் வைத்த கூடு. மூன்று முறை லீவு போட்டு அலைந்து நான் புகார் கொடுத்தது யாருடைய சைட்டைப் பற்றியோ. சோறு போட்டு வளர்த்தது நான்.

தம்பிக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். முதலில் மாவு தூவி அது எங்கிருந்து வருகிறது என்று பார். நாங்கள் டிரம்மை எடுத்துவிட்டு, மூடி போட்ட இரும்பு டிரம் ஒன்றைக் கல்லின் மேல் உயர்த்தி வைத்தோம். அதில் சோறு போடுவதில்லை. தோட்டத்தைச் சுற்றி, சுண்டு விரல் நுழையாத கம்பி வலை. மண்ணுக்குள் ஓரடி ஆழத்துக்கு இறக்கி, அடிப்பக்கத்தை வெளிப்புறமாக மடித்து விட்டிருக்கிறார் சேகர். தோண்டிக்கொண்டு வருகிற எலி அந்த மடிப்பில் முட்டிக்கொள்ளும். பழுத்ததை அன்றன்றைக்குப் பறித்துவிடுகிறோம். சுவரோரம் புல் வளர விடுவதில்லை. அப்படியும் எப்போதாவது ஒரு தக்காளி குடையப்பட்டிருக்கும். போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். விடப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் சரி.

வலை அடித்து முடித்த அன்றைக்கு மேலே போனேன். எங்கெங்கே என்ன இருக்கிறது, இனி எதையும் சொல்லாமல் செய்ய மாட்டேன் என்று மஞ்சுளாவிடம் சொன்னேன். என் கன்னடம் தடுக்கியது. அவள் திருத்தாமல் முழுக்கக் கேட்டாள். அவள் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஆஸ்பத்திரியில உண்மையச் சொன்னீங்க அக்கா. அத நான் மறக்க மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒன்பது நாள் என் குழந்தை அங்கதான் விளையாடுச்சு. தினமும் நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் நான் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது படியில் தடுப்பை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பாப்பு முன்னால் இறங்கி வந்தாள். பின்னாலேயே மஞ்சுளா. நான் வலைக்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். பாப்பு நேராகப் பாத்திக்குள் போய்க் குந்தி, மண்ணைக் கையால் அளைய ஆரம்பித்தாள். மஞ்சுளா கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். மழை பற்றிக் கேட்டாள், தர்ஷினியின் பரீட்சை பற்றிக் கேட்டாள். நானும் சொன்னேன். பேசி முடிகிற வரைக்கும் அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் கண் குழந்தையின் கையைவிட்டு ஒரு கணமும் நகரவில்லை.

நானும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.